பொருளின் பெயரும் பொருளின் குணமும்

ஜாம் தீர்ந்த கண்ணாடிப் போத்தல், நைந்துபோன சேலை, பனையின் கீழே உதிர்ந்து கிடக்கும் பழம், துவிச்சக்கர வண்டியின் சில்லோடு உராய்ந்து சுழலும் டைனமோ, அடுப்பில் எஞ்சிய சாம்பல் ஆகியவற்றை இல்லத்தின் செல்வம் என்று எவரும் கணக்கெடுப்பதில்லை. கடைத்தெருவில் வேண்டியவை யாவும் கிடைக்கும் காலத்தில் அவற்றுட் சில குப்பைக்கு உரியவை. சில மூலையிற் கிடப்பவை. கடைத்தெரு வெறுமையுற்ற காலத்தில் இவையே விளக்காயின, வானொலியை இயக்கும் வலுவாயின, சவர்க்காரமாயின, ஈற்றில் உயிர் காக்கும் அரணும் ஆயின. இந்த மாற்றத்தை மிக நெருக்கமாகக் கண்ட நிலங்களுள் ஒன்று வன்னி.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே, காடும் குளமும் வயலுமாகப் பரந்து கிடக்கும் பெருநிலப்பரப்பே வன்னி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் அதன்கண் அடங்குவன. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர், வவுனியா நகருக்கு வடக்கே பொருள்கள் செல்வதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. பெற்றோல், டீசல், உலர் மின்கலம், சவர்க்காரம் முதலியன தடையாலோ அளவுக் கட்டுப்பாட்டாலோ கிடைத்தற்கு அரியவை ஆயின. மண்ணெண்ணெய் சிறிதளவே வந்தது, மின்சாரம் நின்றது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். அவர்களிற் பலர் பின்னர் கடனீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். இருந்த சிறிது பொருளைப் பகிர வேண்டியவர் தொகை இவ்வாறு பெருகிற்று. 2002ஆம் ஆண்டு பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னரே நிலை தளர்ந்தது. 2006இல் அவ்வீதி மறுபடியும் மூடப்பட்டது.

இத்தகைய காலத்தில் வன்னி மக்கள் கண்டறிந்த உபாயங்கள் பல. அவற்றைச் சாமர்த்தியம் என்று பாராட்டிவிட்டு மறந்துவிடுவது எளிது. ஆனால் ஒவ்வோர் உபாயத்தின் அடியிலும் இயற்கையின் விதி ஒன்று உளது. ஒரு பொருளுக்கு வழங்கும் பெயர் அதன் ஒரு பயனை மட்டுமே கூறும். ஜாம் போத்தல் என்ற பெயரில் ஜாம் இருக்கிறதே தவிர, கண்ணாடி வெப்பத்தைத் தாங்கும் என்பதும், ஒளியை விடும் என்பதும், அகன்ற வாயினூடாகக் காற்றுப் போய்வரும் என்பதும் அப்பெயரில் இல்லை. பெயரை விட்டுக் குணத்தைப் பார்ப்பவருக்கே மறுபயன் புலப்படும். அதே வேளை, குணத்தை முழுதும் அறியாமற் பயன்படுத்தினால் அப்பொருளே கேடாகவும் முடியும். வன்னியின் அனுபவம் இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே காட்டுகின்றது.

முதலில் அந்த ஜாம் போத்தலையே எடுத்துக்கொள்ளலாம். வீடுகளில் முன்பு எரிந்த அரிக்கன் லாம்பு அகன்ற நாடாத் திரி கொண்டது. அது நல்ல வெளிச்சம் தரும். எண்ணெயையும் தாராளமாகக் குடிக்கும். மண்ணெண்ணெயைக் கரண்டியால் அளக்க வேண்டிய காலத்தில் அவ்விளக்குக் கட்டுபடியாகாது. அதற்கு மாற்றாக எழுந்ததே ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு இடப்படும். அதன்மீது பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் வார்க்கப்படும். துவிச்சக்கர வண்டி ரியூப்பின் வால்வு போன்ற மெல்லிய உலோகக் குழாய் ஒன்றினுள் நூற்றிரியைச் செருகி, கம்பியினால் அதனை நிமிர்த்திப் பஞ்சின்மேல் நிறுத்துவர். சுடர் போத்தலின் உள்ளேயே எரியும். எண்ணெய்க் கலமும் அதுவே. காற்றைத் தடுக்கும் சிமினியும் அதுவே.

இதன் தத்துவம் நுட்பமானது. சுடரின் வெப்பத்தால் இலேசான காற்று போத்தலின் நடுவே மேலெழுந்து வாயினூடாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, குளிர்ந்த காற்று ஓரமாகக் கீழிறங்கும். வாய் அகன்ற போத்தலில் இவ்விரு ஓட்டங்களும் ஒன்றையொன்று மறிக்காமற் செல்ல இடமுண்டு. கழுத்து ஒடுங்கிய போத்தலில் இம்முறையிற் சுடரை வைத்தால், எரிந்த வாயு வெளியேற வழியின்றித் தங்க, ஒட்சிசன் குறைந்து சுடர் அணைந்துவிடும். சோடாப் போத்தலை விடுத்து ஜாம் போத்தலைத் தெரிந்ததன் காரணம் இதுவே. பஞ்சுக்கும் ஒரு பணி உண்டு. எண்ணெய் பஞ்சில் ஊறி நிற்பதால், விளக்குச் சரிந்தாலும் அது உடனே வெளியே பாயாது. திரி மெல்லியது ஆகையால் எண்ணெய் மெதுவாகவே செலவாகும். இந்தச் சிறு சுடரைச் சுற்றி அமர்ந்து படித்தே வன்னியின் மாணவர் பலர் சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் தோற்றினர்.

எனினும் அவ்விளக்கின் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டியது. அரைகுறையாக எரியும் மண்ணெண்ணெய் கரியைக் கக்கும். நெடுநேரம் அதனருகே குனிந்து படித்த பிள்ளைகளின் நாசித் துவாரங்கள் காலையிற் கரி படிந்திருக்கும். அதே கரி சுவாசப்பையிலும் சேரும். அதனினும் கொடியது தீ விபத்து. மண்ணெண்ணெயிற் சிறிதளவு பெற்றோல் கலந்துவிட்டாலும், அதன் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும், விளக்கு வெடிக்கும்.

இக்கேடு வன்னிக்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் மற்றைப் பகுதிகளிலும் மின்சாரம் இல்லாத வறிய இல்லங்கள் வெற்றுப் போத்தல்களில் திரியிட்டு எரித்துவந்தன. அவை சரிந்து உடைந்து எரிகாயமுற்றவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்தை ஆற்றுவதைக் காட்டிலும் விளக்கைத் திருத்துவது மேல் எனக் கண்டார். 1990களின் தொடக்கத்தில் அவர் வகுத்த பாதுகாப்பான விளக்குக்கு வழிகாட்டியதும் ஒரு வீட்டுப் பொருளே. மார்மைற் என்னும் உணவுச்சாறு வரும் குட்டையான போத்தலே அது. குட்டை ஆகையால் எளிதிற் சரியாது. பக்கங்கள் இரண்டு தட்டையாக அமைந்தமையால், சரிந்தாலும் உருளாது. கண்ணாடி தடித்தது ஆகையால் இலகுவில் உடையாது. திருகி மூடும் உலோக மூடி எண்ணெயைச் சிந்தவிடாது. இவ்வமைப்புக்காக 1998ஆம் ஆண்டில் அவருக்கு உலகப் புகழ்பெற்ற ரோலெக்ஸ் விருது வழங்கப்பட்டது. ஒரு போத்தலின் உருவத்தை உற்றுநோக்கியமையால் உண்டான பயன் இஃது.

விளக்குக்கு அடுத்தபடியாக மக்கள் ஏங்கியது செய்திக்கு. உறவினர் எங்கு உள்ளனர், எந்தப் பாதை திறந்துளது, எந்த ஊர் இடம்பெயர்ந்தது என்பன உணவுக்கு நிகரான தேவைகளாயிருந்தன. வானொலிப் பெட்டிகள் வீடுகளில் இருந்தன; அவற்றை இயக்க மின்கலம் இல்லை. 1941இல் இலண்டனிலிருந்து தொடங்கி 2017 வரை வானொலியில் ஒலித்த பி.பி.சி. தமிழோசையை இரவில் எவ்வாறேனும் கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்பு, துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தியது. ஒருவர் மிதியைக் கையாற் சுழற்றுவார். சில்லுச் சுழல, டைனமோ சுழலும். அதிலிருந்து வந்த கம்பி வானொலிக்கு உயிர் கொடுக்கும். அயலவர் அனைவரும் சூழ்ந்திருந்து செவிமடுப்பர். ஒருவர் கை சலிக்க மற்றொருவர் மிதியைப் பற்றிக்கொள்வார்.

துவிச்சக்கர வண்டியின் முன்விளக்குக்கென அமைந்த டைனமோவினுள்ளே ஒரு காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. காந்தம் சுழலும்போது சுருளில் மின் தோன்றும். வழக்கமான டைனமோ 6 வோல்ற் அழுத்தத்தில் 3 வாற் வலுவைத் தரும். ஒவ்வொன்றும் 1.5 வோல்ற் உடைய நான்கு மின்கலங்களை வரிசையாக இட்டால் வருவதும் 6 வோல்ற் ஆகும். அளவு பொருந்துகின்றது, ஆனால் தன்மை பொருந்தவில்லை. மின்கலம் தருவது ஒரே திசையிற் செல்லும் நேரோட்டம். டைனமோ தருவதோ திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். அதனை அப்படியே கொடுத்தால் வானொலி இரையுமே அன்றிப் பேசாது. ஆகவே, பழுதான வானொலிப் பெட்டிகளிலிருந்து கழற்றிய டயோட்டுக்களை இடையிற் பொருத்தி, ஓட்டத்தை ஒரு திசைப்படுத்தினர். கொள்ளளவி ஒன்றைச் சேர்த்து, அதன் ஏற்றத் தாழ்வைச் சமப்படுத்தினர். மிதியை அளவுக்கு மீறிச் சுழற்றினால் அழுத்தம் உயர்ந்து வானொலியின் உறுப்புகள் கருகக்கூடும். ஆதலாற் சுழற்றுபவர் வானொலியின் குரலையே அளவுகோலாகக் கொண்டு வேகத்தைச் சீராக வைத்திருக்க வேண்டியதாயிற்று.

இறந்துபோன மின்கலத்தையும் மக்கள் எளிதிற் கைவிடவில்லை. அதனை வெயிலில் வைத்துச் சூடேற்றிச் சிறிது நேரம் மீண்டும் பயன்படுத்தினர். சாதாரண உலர் மின்கலத்தின் வெளிக்கூடு நாகம் என்னும் உலோகம், நடுவே காபன் கோல், இடையே ஈரப்பசை. பெயர் உலர் மின்கலமாயினும் உள்ளே ஈரம் இருந்தாலன்றி அது வேலை செய்யாது. பயன்படுத்தப் பயன்படுத்த உள்ளே இரசாயனத் தாக்கம் மந்தமடைகின்றது. வெப்பம் அத்தாக்கத்தைத் தற்காலிகமாக விரைவுபடுத்தும். வெயிலில் வைத்த மின்கலம் புதிய வலுவைப் பெறுவதில்லை. எஞ்சிய வலுவின் கடைசித் துளியைத் தருகின்றது. அதனை அடுப்பருகே வைத்துக் கடுஞ்சூடு ஏற்றினால் கூடு வெடித்து, உள்ளிருக்கும் அரிக்கும் பசை வெளிப்படும். வெயிலின் இளஞ்சூட்டோடு நின்றமையே அம்முறையின் விவேகம்.

கையாற் சுழற்றும் வானொலி ஒன்றை ஆங்கிலேயரான திரெவர் பெய்லிஸ் என்பவர் 1991இல் அமைத்தார். ஆபிரிக்காவில் எயிட்ஸ் நோய் பற்றிய அறிவுரை மக்களைச் சென்றடைய வானொலி வேண்டும், ஆனால் மின்கலம் வாங்க மக்களிடம் பணம் இல்லை என்ற செய்தியைத் தொலைக்காட்சியிற் கண்டதே அதற்குத் தூண்டுதலாயிற்று. அவர் சுருள்வில்லை முறுக்கினார். வடபுலத்து மக்கள் மிதியைச் சுழற்றினர். இரண்டு இடத்திலும் மனிதக் கையின் வலுவே குரலாயிற்று. ஒன்று தொழிற்சாலையில் உற்பத்தியாகி உலகெங்கும் சென்றது. மற்றது முற்றத்தில் உருவாகி முற்றத்தோடு நின்றது.

விளக்கெரிக்க வந்த மண்ணெண்ணெய்க்கு இன்னொரு பணியும் வாய்த்தது. பெற்றோல் அருகிய வன்னி வீதிகளில் மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பிரசவ வேதனையுற்ற பெண்ணையோ பாம்பு தீண்டிய விவசாயியையோ காட்டு வழியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேறு வழி இல்லை. பெற்றோல் உறைபனிக்கும் மிகக் கீழான குளிரிற்கூடத் தீப்பற்றத்தக்க ஆவியை எழுப்பும். மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ வேண்டும். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே இயந்திரம் தொடங்காது. ஒருமுறை சூடேறிய பின்னரோ அது தடையின்றி ஆவியாகும். இதனைக் கண்ட மக்கள், சிறு போத்தலிற் சேமித்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குட் செலுத்தி இயந்திரத்தைத் தொடக்கினர். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர்.

பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் இவ்வுபாயத்துக்கு இணங்கியதற்கும் காரணம் உண்டு. அவற்றின் இயந்திரம் எரிபொருட் கலவையை அதிகம் அமுக்குவதில்லை. மிகுதியாக அமுக்கும் புதிய இயந்திரத்தில் மண்ணெண்ணெய் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து உறுப்புகளைத் தாக்கும். பழமை என்று ஒதுக்கப்பட்ட கார் பற்றாக்குறைக் காலத்தில் மேம்பட்டு நின்றதன் இரகசியம் இதுவாகும். இம்முறை உலகுக்குப் புதிதும் அன்று. 1940களிலும் 1950களிலும் பிரித்தானியாவில் உருவான பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கிப் பின் மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெய்க்கு மாறும் வண்ணமே அமைக்கப்பட்டது. அங்கு தொழிற்சாலை திட்டமிட்டுச் செய்ததை, இங்கு வீதியோரக் கராஜ்களில் இருந்தோர் கருவியும் உதிரிப் பாகமும் இன்றிச் செய்தனர். அதன் விலையையும் அவர்களே கொடுத்தனர். எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். தீப்பொறிச் செருகியிற் கரி படியும். இயந்திரத்தின் ஆயுள் குறையும்.

ஒளியும் ஒலியும் ஊர்தியும் போலவே சுத்தமும் வாழ்வின் தேவை. சவர்க்காரம் இல்லாத காலத்தில் வடபுலத்து மக்கள் கற்பகதருவாகிய பனையை நாடினர். பனம்பழத்தின் களி பனாட்டுக்கும் பணியாரத்துக்கும் உரியது. அக்களியைத் துணியிலே தேய்த்தால் நுரை எழும், அழுக்கு அகலும். களியில் இயல்பாகவே ஒரு கசப்பு உண்டு. அக்கசப்பைத் தருவது பிளபெல்லிபெரின் என்னும் பொருட்டொகுதி என இலங்கை ஆய்வாளர் ஆராய்ந்து எழுதியுள்ளனர். அது சப்போனின் என்னும் இனத்தைச் சேர்ந்தது. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பதற்கும் அவ்வினப் பொருள்களே காரணம். சப்போனின் மூலக்கூற்றின் ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை எண்ணெயை விரும்பும். ஆகவே அது துணியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி நீரோடு இழுத்துச் செல்லும். பணியாரத்துக்குக் குறையாயிருந்த கசப்பே சலவைக்கு நிறையாயிற்று. துணியிற் களியின் மணம் தங்குவதும், கொடியிற் காயும் அத்துணியை மாடு வந்து சப்புவதும் அதனோடு வந்த தொல்லைகள்.

அடுப்புச் சாம்பலின் பயன் இதனினும் பழையது. விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று உண்டு. நீரில் அது காரமாகும். எண்ணெய்ப் பிசுக்கேறிய பாத்திரத்தை ஈரச் சாம்பலால் தேய்க்கும்போது, காரம் அக்கொழுப்பிற் சிறு பகுதியை அவ்விடத்திலேயே சவர்க்காரமாக மாற்றுகின்றது. சாம்பற் துகள் எஞ்சியதை உரைத்து நீக்குகின்றது. கடைச் சவர்க்காரம் இல்லாத குசினியில் ஒவ்வொரு நாளும் சவர்க்காரம் உண்டாகிக்கொண்டேயிருந்தது என்று சொல்வது மிகையாகாது.

இனி, சேலை. தமிழ் இல்லத்தில் இதனைப் போலப் பல பணி புரியும் பொருள் பிறிதில்லை. உடுத்துப் பழகிய சேலை குழந்தைக்கு ஏணையாகும், நோயாளிக்கு விரிப்பாகும், மறைவிடத்துக்குத் திரையாகும். நீரை வடிப்பதற்கும் அது உதவும். வங்காள தேசத்துக் கிராமங்களில் ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி ரீற்றா கொல்வெல்லும் அவர்தம் குழுவினரும், பருத்திச் சேலையை நான்காகவேனும் மடித்துக் குளத்து நீரையும் ஆற்று நீரையும் வடிக்கும்படி பெண்களுக்குக் கற்பித்தனர். கொலராக் கிருமிகள் நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிர்களோடு ஒட்டி நிற்பவை. மடித்த சேலை அவ்வுயிர்களைத் தடுத்து, அவற்றோடு கிருமிகளிற் பெரும்பகுதியையும் தடுத்தது. கொலரா நோய் 48 சதவீதம் குறைந்தது என 2003இல் அவர்கள் அறிவித்தனர். இதிற் புதுச் சேலையைக் காட்டிலும் பழைய சேலையே சிறந்தது. பலமுறை துவைத்த நூலின் இழைகள் பிரிந்து துவாரங்களைச் சிறிதாக்கிவிடுகின்றன. எனினும் தனித்து மிதக்கும் கிருமி இவ்வடியினூடே செல்லும். வடித்த நீரைக் கொதிக்கவைத்தலே முழுப் பாதுகாப்பு.

வன்னியின் இறுதிப் போர்க்காலத்தில் இச்சேலைக்கு நேர்ந்த பணி எவரும் வேண்டியிராதது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் ஆகிய இடங்களில் நெருங்கித் தங்கினர். எறிகணைக்கு அஞ்சிப் பதுங்குகுழி வெட்ட வேண்டியிருந்தது. உள்நாட்டு ஊர்களில் மண் இறுக்கமானது. அங்கு வெட்டிய குழியின் சுவர் நிமிர்ந்து நிற்கும்; மேலே பனங்குற்றியோ மரக்குற்றியோ அடுக்கி மண்ணிட்டால் அது பதுங்குகுழியாகும். கரையோரத்து மணலோ அவ்வாறு நிற்பதில்லை. உலர்ந்த மணலைக் குவித்தால் அது ஏறத்தாழ 30 முதல் 35 பாகைச் சரிவிலேயே ஓயும். அதற்கு மேல் நிமிர்த்திய சுவர் சரிந்து குழியை நிரப்பும், உள்ளிருப்போரையும் மூடும்.

மணலை நிமிர்த்தி வைக்க வேண்டுமானால் அதனைப் பையில் அடைக்க வேண்டும். உரச் சாக்கும் அரிசிச் சாக்கும் தீர்ந்தன. பெண்கள் தம் சேலைகளை எடுத்து வெட்டினர். கையாலும், சுமந்து வந்த தையல் இயந்திரத்தாலும் பைகளாகத் தைத்தனர். ஐந்தரை மீற்றர் நீளமான ஒரு சேலையில் ஒரு மீற்றர்த் துண்டாக ஐந்து பைகள் கிடைக்கும். நாள்தோறும் உடுத்த நைலெக்ஸ் சேலையோடு, பெட்டியின் அடியிற் பேணிய கூறைச் சேலையும் மணல் சுமந்தது. நிறம் நிறமான அப்பைகள் அடுக்கிய குழிகளை, அக்காலத்தில் வெளிவந்த புகைப்படங்களிற் காணலாம்.

துணி குண்டுத் துண்டைத் தடுப்பதில்லை, தடுப்பது மணலே. விரைந்து வரும் உலோகத் துண்டு மணலிற் புகுந்தால், எண்ணிறந்த மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதன் வேகத்தை உறிஞ்சிவிடுகின்றன. துணியின் பணி, மணலைச் சிதறவிடாது இறுக்கிப் பிடித்தல். மேலிருந்து பாரம் அழுத்தும்போது பை பக்கவாட்டில் விரியப் பார்க்கும். துணியின் இழுவிசை அதனைத் தடுக்கும். ஆகவே பையினுள் மணல் கல்லைப் போல் இறுகும். முதலாம் உலகப் போரிற் பிரான்சு, பெல்சிய நாட்டுப் போர்க்குழிகளில் அடுக்கிய மணல் மூட்டைகளுக்கு வங்காளத்துச் சணல் பயன்பட்டது; அதை நெய்து தைத்தவை கல்கத்தாவிலும் டண்டியிலும் இருந்த ஆலைகள். அங்கு ஆலைகள் அளித்ததை இங்கு தாய்மாரின் பெட்டிகள் அளித்தன. நேரடியாக விழுந்த எறிகணைக்கு அப்பைகள் ஈடாகவில்லை. அருகே விழுந்தவற்றின் சிதறலிலிருந்து அவை பலரைக் காத்தன. காக்க முடியாதவர் தொகையும் பெரிது. அப்போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது.

ஆதலால் இவ்வுபாயங்களைப் புதினம் என்று வியந்து கூறும்போது ஓர் அடக்கம் வேண்டும். பற்றாக்குறை மனிதரின் அறிவைக் கூர்மையாக்கும் என்பது மெய். ஆனால் அறிவு கூர்மையாவதற்காக எவரும் பற்றாக்குறையை விரும்பியதில்லை. ஜாம் போத்தலின் கீழ்ப் படித்த பிள்ளை மின்விளக்கின் கீழ் இன்னும் நன்றாகப் படித்திருக்கும். கூறைச் சேலைக்கு உரிய இடம் மணவறையும் மகளின் பெட்டியுமே அன்றி மணற்குழி அன்று. உபாயத்தைப் போற்றுவோர் அதன் விலையை மறத்தல் ஆகாது.

விலையை நினைத்து உபாயத்தையே மறந்துவிடுவதும் நன்றன்று. புயலும் வெள்ளமும் வரும் நாடு இது. 2004ஆம் ஆண்டு டிசெம்பரிற் கடல் பொங்கியபோது முல்லைத்தீவுக் கரையிற் பல ஊர்கள் ஒரே காலையில் அழிந்தன. மின்சாரமும் கடையும் வீதியும் ஒரே நாளில் இல்லாமற் போகக்கூடும் என்பதை வன்னி நன்கறியும். 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, தென்னிலங்கை மக்களும் விறகடுப்பையும் துவிச்சக்கர வண்டியையும் மீண்டும் நாடினர். அத்தகைய நாள்களிற் கைகொடுப்பது, பொருளின் குணத்தை அறிந்திருத்தல்.

அவ்வறிவு செய்முறையோடு எச்சரிக்கையையும் சேர்த்துக் கைமாற்றப்பட வேண்டியது. விளக்கைச் செய்யும் முறையைக் கூறுவோர் அதிற் பெற்றோல் கலத்தலாகாது என்பதையும் கூற வேண்டும். சேலையால் நீர் வடிக்கக் கற்பிப்போர் கொதிக்கவைக்கவும் கற்பிக்க வேண்டும். பாடசாலையில் மின்காந்தத் தூண்டலைக் கற்பிக்கும் ஆசிரியருக்குக் கவிழ்த்து நிறுத்திய துவிச்சக்கர வண்டியை விடச் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது. சவர்க்காரத்தின் இரசாயனத்தைக் கற்பிப்பவர் பனங்களியிலிருந்து தொடங்கலாம். மணலின் சரிவுக் கோணத்தையும் வன்னியின் பிள்ளைகள் தம் அன்னையரிடமே கேட்டறியலாம். அக்காலத்தைக் கண்டவர்கள் முதுமை எய்தி வருகின்றனர். பொருள்களின் குணத்தைப் பற்றி அவர்கள் இத்துணை விலை கொடுத்துக் கற்றவை, அவர்களோடு மறையாமல் ஏட்டில் ஏறுதல் வேண்டும்.